முப்பத்தொரு நிமிடம்

ஹாலிஃபாக்ஸில் மழை நேராக விழுவதில்லை.
குன்றிலிருந்து பக்கவாட்டில் வந்து
மைதானத்தைப் பூட்டிவிட்டுப் போகும்.
ஆகவே எட்டாம் வகுப்பு, வியாழன், நான்காம் பாடவேளை
உள்ளரங்கில்.

தரையில் ஆறு நிறக் கோடுகள்.
எது கூடைப்பந்துக்கு, எது பூப்பந்துக்கு என்று
சில காலைகளில் எனக்கே மறந்துபோகும்.
பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஒரே கோடு:
சுவரோரம், நிற்க வேண்டிய கோடு.

அது என் மூன்றாவது வருடம்.
தாலியைக் கழற்றி லாக்கரில் வைப்பேன்,
விசிலைக் கழற்றியதில்லை.
கோன்களை நூல் பிடித்தாற்போல் அடுக்குவேன்.
பார்வையிட வந்தவர் "ஒழுங்கான வகுப்பு" என்றார்.
அந்த இரண்டு சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்ச்
சோற்றோடு பிசைந்து தின்றேன்.

டார்சி ஹோல்ராய்ட் அன்றும் விளையாட்டு உடை கொண்டுவரவில்லை.
முதல் வாரம் கணுக்கால்.
அடுத்தது சலவை இயந்திரம்.
மூன்றாம் வாரம் பூனை; அதை எப்படிச் சொன்னாள் என்பது நினைவில்லை.
பிறகு அவள் காரணம் சொல்வதை விட்டாள்,
நான் கேட்பதை விட்டேன்.
பெஞ்சில் சும்மா இருக்காதே என்று
ஸ்டாப்வாட்சும் ஒரு தாளும் கொடுத்தேன்.
"யாராவது ஒருவரைப் பார். எழுது."
தண்டனைக்கும் வேலைக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

மணி அடித்தது.
நாலாய் மடித்த தாள் பெஞ்சில் கிடந்தது.

        கேலம்.
        ஓடியது: நாலு நிமிஷம் பத்து நொடி.
        பந்து கையில்: ஐம்பத்திரண்டு நொடி.
        வரிசையில் நின்றது: முப்பத்தொரு நிமிஷம்.
        மிஸ் பேசியது: பதினொன்று.

        காலணி நாடாவை ஆறு தரம் அவிழ்த்துக் கட்டினான்.
        ஏன் என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது.
முறை நெருங்கும்போது நாடா அவிழும்.
கட்டி எழும்போது அவன் வரிசையின் வாலில் நிற்பான்.
"அமைதியானவன், தொல்லையில்லை" என்று
போன தவணை அறிக்கையில் எழுதியவள் நான்.

முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்லவில்லை.
உடைகூடக் கொண்டுவராதவள்
எனக்குக் கணக்குக் காட்டுகிறாள்.
காரில் ஏறி வைப்பர் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.
கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தேழு சொச்சம்.
கணக்குச் சரி.

பதினொரு நிமிடம் என்னதான் பேசினேன்?
"கவனியுங்கள்."
"சரி, இப்போது."
"கடைசியாக ஒரு விஷயம்", அதற்குப் பிறகு இன்னொரு விஷயம்.

அடுத்த வியாழன் வரிசை வைக்கவில்லை.
இருந்த பந்தையெல்லாம் கொட்டினேன்,
காற்றிறங்கியவற்றையும்.
மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்,
விதியை நீங்களே போடுங்கள் என்றேன்.
அரங்கம் மீன்சந்தையாயிற்று.
ஒரு பந்து விளக்குக் கூண்டில் மாட்டி
இன்றும் அங்கேயே இருக்கிறது.
கதவுக் கண்ணாடியில் துணைத் தலைமையாசிரியரின் முகம்
தோன்றியது, யோசித்தது, போனது.
விசிலை வாய்வரை கொண்டுபோனேன்.
ஊதவில்லை. அதுதான் அன்று நான் செய்த உடற்பயிற்சி.

கேலம் பதினான்கு தரம் பந்தைத் தவறவிட்டான்.
பார்த்தவர்கள் இரண்டே பேர்.
அவர்களும் தவறவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது.
சில வாரம் நானே பழைய கோன்களைத் தேடிப் போனேன்.
இரண்டு பையன்கள் போட்ட விதி மூன்றாமவனை அழவைத்தது;
அதைப் பேசித் தீர்க்க ஒரு பாடவேளை போயிற்று,
அதை யாரும் நேரம் பார்க்கவில்லை.
டார்சி ஒன்பதாவது வியாழன் உடையோடு வந்தாள்.
பத்தாவது வியாழன் மறுபடி இல்லை.
நான் ஒன்றும் கேட்குமுன்
ஸ்டாப்வாட்சுக்குக் கை நீட்டினாள்.

        கேலம்.
        வரிசை: இல்லை.
        மிஸ் பேசியது: நாலு நிமிஷம். இன்னும் குறைக்கலாம்.
        நாடா: ஒரு தரம்.
        உண்மையிலேயே அவிழ்ந்திருந்தது.