சீட்டு

ஷார்ஜாவிலிருந்து கொழுந்தன் அனுப்பிய கார்கோ பெட்டியில்
பேரீச்சம்பழம், கோடாலித் தைலம், பால்மாவு.
எல்லாவற்றுக்கும் மேலே
கவிழ்த்துப்போட்ட ஆமை மாதிரி
ஒரு கார் சீட்டு.
அவன் மகன் வளர்ந்துவிட்டான். இனி எங்கள் மகளுக்கு.

ஆஃபியாவுக்கு எட்டு மாதம்.
எட்டு மாதமாய் அவளுக்குக் கார் என்றால் என் மடி.
"மடியைவிடப் பத்திரம் உண்டா?" என்பார் இவர்,
மதுரை விமான நிலையத்துக்கு வாடகை ஓட்டுகிறவர்.
திருப்புல்லாணி வளைவில் ஆட்டுக்காக பிரேக் அடித்தாரே,
அன்று நான் முன்சீட்டில்.
அவளை என் கை பிடித்ததா
அவள் கவுன் என் வளையலில் மாட்டியதா
இன்றுவரை தெரியாது.
நாற்பதில்தான் போனோம்.
ஆடு பிழைத்துக்கொண்டது என்று இவர் சிரித்தார்.

சீட்டின் முதுகில் ஒட்டியிருந்ததையெல்லாம் படித்தேன்.
பின்சீட்டில், பின்னோக்கி.
ஏர்பேக் உள்ள இடத்தில் ஒருபோதும் கூடாது.
அடியில் அச்சடித்த தேதிக்கு இன்னும் மூன்று வருடம்.
ஒன்றை மட்டும் ஸ்டிக்கர் சொல்லவில்லை.
வாய்ஸ் நோட்டில் கேட்டேன்:
"ஜசீல், இது எப்பவாச்சும் மோதலில் மாட்டுச்சா?"

இரண்டு நீல டிக்.
அஸருக்குப் பிறகு பதில். ஆறு நொடி.
"லேசா ஒரு தடவை, மதினி. பின்னாடியிருந்து இடிச்சான்.
ஒண்ணும் ஆகல."

ஒன்றும் ஆகவில்லைதான்.
மாடியில் வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
கீறல்கூட இல்லை.
ஆனால் காற்றுநாளில் ஒருதரம் வெடுக்கென்று இழுபட்ட நங்கூரக் கயிற்றை
ஜெட்டியில் யார் நம்புவார்கள்?
வேட்டி காயப்போட எடுத்துப்போவார்கள்.

மீன் வெட்டும் கத்தரியால் வார்களை அறுத்தேன்.
தடித்த வார். கட்டைவிரல் கொப்பளித்தது.
"கிறுக்கா உனக்கு? பதினெட்டாயிரம் ரூபாய்ச் சாமான்!"
"அறுக்காமல் போட்டால் யார் பிள்ளையாவது உட்காரும்."
அன்று இரவு பேச்சு இல்லை.
மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் கோழி
அதில் முட்டையிட்டது.

பங்குனியில் எனக்குச் சீட்டு விழுந்தது.
சீட்டுப் பணத்தில் சீட்டா என்று
ரிஃப்கா லாத்தா வாய்விட்டுச் சிரித்தாள்.
ஆமாம், சீட்டுப் பணத்தில் சீட்டு.

மதுரையில் கடைக்காரப் பையன் முதலில் வயதைக் கேட்டான்.
எடையைச் சொன்னேன், உயரத்தைச் சொன்னேன்,
கடைசியில் வயதைச் சொன்னேன்.
வாங்குமுன் எங்கள் காரில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன்.
முதல் இரண்டு பொருந்தவில்லை. பையன் முகம் சுளித்தான்.
மூன்றாவதை முழங்காலால் அமுக்கி
பெல்ட்டை நீலக் கோட்டு வழியே விட்டு
இவர்தான் இழுத்தார், கழுத்து நரம்பு புடைக்க.
பிடித்து ஆட்டினேன். ஓரங்குலம்கூட அசையவில்லை.

தோள்வாரைக் கிள்ளினால் விரலில் மடிப்பு சிக்கக்கூடாது.
சரி, சிக்கவில்லை.
ஆனால் எந்தப் புத்தகமும் கீழக்கரை வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை.
பன்னிரண்டு மணிக்குக் கொக்கி தோசைக்கல்.
நிறுத்தும்போது என் வெள்ளைத் துப்பட்டாவால் மூடுகிறேன்,
உட்காரவைக்குமுன் புறங்கையால் தொடுகிறேன்.
கடற்கரை மணல் உள்ளே ஏறி
'டக்' என்ற சத்தத்தைத் தின்றுவிடும்.
சத்தம் வராமல் கார் நகராது.

முதல் பயணம் முழுக்க அழுதாள்.
நானும் கொஞ்சம்.
பின்சீட்டில் அவள் பக்கத்தில், என் மடியில்
வெறும் பிளாஸ்க்.
எடுத்துவிடு, ஒருநாள்தானே, என்று இவர் சொல்வாரென்று காத்திருந்தேன்.
சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டவுமில்லை.

நேற்று அதே வளைவு.
கருவேலத்துக்குள்ளிருந்து ஆடு, அதன் பின்னால் குட்டி.
பிரேக்.
என் கை தானாக நீண்டது.
வேலை இல்லாமல் திரும்பி வந்தது.

நாங்கள் கடந்து வந்ததை மட்டுமே அவள் பார்க்கிறாள்.
பின்கண்ணாடியில்
சாலையைத் தாண்டி முடித்த ஆட்டுக்குட்டி.
காலை உதைத்து என்னமோ சொன்னாள்.

இவர் திரும்பவில்லை.
"இருக்குதானே?" என்று மட்டும் கேட்டார்.