கள்ளிக்கு விலை

முள்ளுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது.
தண்டவாளத்தின் இருபுறமும் கருவேலம்,
கல்லறைச் சுவரேறிச் சப்பாத்துக்கள்ளி.
அந்த டிசம்பரில்
தங்கச்சிமடத்துப் பிள்ளைகள் அத்தனைக்கும்
பஞ்சு அடைத்த கள்ளிச்செடி வேண்டியிருந்தது.
தொட்டியில் நின்று ஆடும்.
சொன்னதைத் திருப்பிச் சொல்லும்.
போனில் ஏதோ ஒரு குழந்தை அதைப் பார்த்துச் சிரித்ததாம்,
அவ்வளவுதான்.

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறி
ஆறு நாள்.
ஜெனோபர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.
சங்கிலியை அடகு வைத்து
மதுரைக்குப் பஸ் ஏறினேன்.
விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில்
இருந்த நாற்பத்திரண்டையும் எடுத்தேன்,
ஒன்று இருநூற்றுப் பத்து.
"இனிமே சரக்கு ஜனவரிக்குத்தான்" என்றான் கடைக்காரன்.
உண்மையில் அந்த வாக்கியத்தைத்தான் வாங்கினேன்.
பொம்மைகள் அதோடு வந்தன.

மண்டபம் தாண்டும்போது
ஐநூறு என்று நினைத்திருந்தேன்.
பாலத்தின் மேல் காற்று பஸ்ஸை உலுக்கியது,
அறுநூற்றைம்பது.
வீட்டுக் கதவைத் திறக்கையில் தொள்ளாயிரம்.

பதினைந்து வருஷம் நண்டு விற்றவள் நான்.
என் வாயால் ஒரு விலை சொன்னதில்லை.
கம்பெனி ஏஜென்ட் பவுலியான்
கட்டைவிரலால் நண்டின் வயிற்றை அமுக்குவார்:
"தண்ணி நண்டு, கித்தேரி. பாதிதான்."
அவர் அமுக்கின இடத்தில்
கெட்டி நண்டும் கொஞ்சம் தண்ணியாகிவிடும்.

முதல் நாள் பதினெட்டு போனது.
பிள்ளைகள் ஆசையில் காசு பார்க்கிறாள் என்று
குழாயடியில் சொன்னவளே
மத்தியானம் வந்து இரண்டு வாங்கினாள்.
ஜெனோபர் எழுந்து உட்கார்ந்து
நோட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டார்.

இருபத்திரண்டாம் தேதி பவுலியானே வந்தார், மகளுக்காக.
பொம்மையின் வயிற்றை அமுக்கினார்.
அது ஆடியது.
"எவ்வளவு?"
"ஆயிரத்து நூறு."
"அநியாயம்" என்றார்.
"அநியாயம்" என்றது கள்ளி,
அவர் குரலையே கீச்சாக்கி.
நான் சிரிக்கவில்லை.
ஒவ்வொரு தாளையும்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கினேன்.
அன்றைக்குச் சோறு ருசித்தது,
அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் சாயங்காலம் பிரிஸ்கா.
வலையில் சிக்கின நண்டைக் கழற்ற
என்னோடு குந்துகிறவள்.
கொடுக்கு என் விரலைக் கவ்வினால்
அவள்தான் உடைத்து விடுவிப்பாள்.
கையில் மடித்த நான்கு நூறு.
பக்கத்தில் மகன் ரொசாரியன்,
பொம்மையைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டு.
நானூறு என்று சொல்ல வாய் திறந்தேன்.
சத்தியமாகத் திறந்தேன்.
வந்தது தொள்ளாயிரம்.
மேசை மேல் சுவிட்சை அணைக்காத ஒன்று
ஆடிக்கொண்டே
அதை இன்னொருமுறை சொன்னது.

கூப்பிட்டிருக்கலாம்.
சந்து நீளமானது, அவள் மெதுவாகத்தான் நடந்தாள்.

நடுராத்திரிப் பூசை முடிந்து வந்தபோது
ஸ்டார் கட்டின வீடுகளுக்குள்
கள்ளிகள் பேசிக்கொண்டிருந்தன.
தூங்குடா, தூங்குடா.
காசை எங்க வச்ச, காசை எங்க வச்ச.
தெரு முழுக்க எல்லாம் இரண்டு தடவை.

சங்கிலியை மீட்டேன். டியூஷன் பீஸ் கட்டினேன்.
ஜனவரி எட்டில் லாரி வந்தது,
பஸ் ஸ்டாண்டில் நூற்றைம்பது என்று கூவினார்கள்.
என்னிடம் ஐந்து மிச்சம்.
ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு
பிரிஸ்கா வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் ரொசாரியன் கடை போட்டிருந்தான்.
பெயின்ட் டப்பா, பால்பவுடர் டின்,
எல்லாவற்றிலும்
கல்லறைச் சுவரிலிருந்து உடைத்து நட்ட கள்ளி.
"எவ்வளவு?"
"அம்பது."
"முப்பதுக்குத் தா" என்றேன்,
கட்டைவிரல் தானாக நீண்டது.
"அமுக்காதீங்க அத்தை" என்றான்.
"முள்ளு."