ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் பின்னால்
தண்டபாணியின் ஐஸ் கம்பெனி.
அதன் மேல்மாடிக்கு மாத வாடகை ஆயிரத்து எண்ணூறு.
முன்னூறு முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினோம்.
தெருவிலிருந்து வந்த சத்தம் நின்றது.
கீழிருந்து வந்தது நிற்கவில்லை.

கம்ப்ரஸர்.
இரவும் பகலும் ஒரே ஸ்வரம்,
பாதம் வழியாக ஏறி முழங்காலில் உட்காரும்.
கிட்டார் மைக்கில் அது. டிரம் மைக்கில் அது.
அபுதாகிர் பழைய டயர் வைத்துப் பார்த்தான்,
தேங்காய்நார் மெத்தையைப் போட்டுப் பார்த்தான்.
குலோத்துங்கன் கம்ப்யூட்டரில் வடிகட்டிப் பார்த்து
தன் பேஸையும் சேர்த்து வடிகட்டிவிட்டான்.

மூன்றாம் வாரம் ஜெயமாறன்
சிப்காட்டில் பி ஷிஃப்ட் முடித்து
நகக்கண்ணில் சாயப்பொடியோடு வந்தவன்
ஏழு கம்பிக் கிட்டாரின் தடித்த கம்பியைத்
தளர்த்தத் தொடங்கினான்.
கொடிக்கயிறு மாதிரித் தொய்ந்தது.
ஜி-க்குக் கொஞ்சம் மேலே ஓரிடத்தில் நிறுத்தி
ஓர் அடி அடித்தான்.
தரை ஆமாம் என்றது.
"அத வெரட்ட வேணாம் பிலோமினா.
அது இருக்கிற சுருதிக்கு நாம போயிடலாம்."

கம்பிக்கு அது எளிது. என் கீபோர்டில்
மெனுவைத் திறந்து எண்ணைத் தேட வேண்டும்.
முப்பத்தைந்து சென்ட் மேலே.
சென்ட் என்றால் எங்கள் வீட்டில் நிலம்.
அப்பா இருபது வருஷம் மூன்று சென்ட்டுக்குச் சீட்டுக் கட்டினார்.
நான் ஒரு பட்டனை அழுத்தி
முப்பத்தைந்து வாங்கினேன்.

அதே கீபோர்டை ஞாயிறு முதல் பூசைக்குத்
திருப்பிவைக்க மறந்துபோய்
கொயர் முழுக்க நரம்பு புடைக்கப் பாடியது.
பங்குச் சாமியார் ஒன்றும் சொல்லவில்லை,
மைக்கை மட்டும் முறைத்தார்.

ஆறு பாட்டு அப்படி முடிந்தன.
ஏழடித் தாளம், நடுவில் பதினொன்று, மறுபடி ஏழு.
கிட்டார் பாறை உருட்டும்போது
அதன்மேல் ஒரு மெட்டு நடந்துபோக வேண்டும்,
செருப்பு நனையாமல். அது என் வேலை.
டீ குடிக்க நான் இறங்கினால் மாறன்
திரையில் என் கோட்டைக் குறைத்துவைப்பான்.
அவன் ஷிஃப்ட்டுக்குப் போனால் நான் ஏற்றிவைப்பேன்.
இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

ஏப்ரல் பதினான்கு நள்ளிரவு, தடைக்காலம்.
விசைப்படகுகள் உப்பனாற்றில் தோளோடு தோள் நின்றன.
பதினாறாம் தேதி மெஷினை நிறுத்தினார்கள்.
ஏழாம் பாட்டுக்கு நாங்கள் கம்பி தொட்டபோது
எல்லாமே பொய்யாக இருந்தது.
டியூனர் பச்சைதான் காட்டியது.
ஆனாலும் ஒரு கால் இல்லாத நாற்காலி.
அபுதாகிர் குச்சியைக் கீழே வைத்தான்.
மாறன் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தான்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

நான் கீபோர்டின் அடி ஜி-யை அழுத்தினேன்.
மூன்று பேரும் திரும்பினார்கள்.
விட்டால் நாற்காலி சாயும். விடாவிட்டால்
வாசிப்பு வலதுகைக்கு மட்டும்,
இடதுகைக்கு ஆயுள்தண்டனை.
குலோத்துங்கன் கீழே போய்
சும்மா கிடந்த வலையிலிருந்து
ஈயக்குண்டு ஒன்றைக் கழற்றி வந்து
கட்டையின்மேல் வைத்தான்.
பதினோரு நிமிஷம் நாற்பது விநாடி
மீனுக்குப் போகாத ஈயம்
சுருதி பிடித்தது.

ஆல்பத்துக்குப் பெயர் அறுபத்தொன்று.
தடை அத்தனை நாள்.

ஜூன் நடுவில் படகுகள் போயின. மெஷின் உறுமியது.
தண்டபாணியின் காதில் இயர்போனை மாட்டினோம்.
முதல் பாட்டு. நாற்பது விநாடி.
கிட்டார் விழுந்தது, என் மெட்டு ஏறியது,
அவர் புருவம் ஏறியது.
"நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ. தோ... கேக்குதா?"
எங்களுக்குக் கேட்டதெல்லாம் நாங்கள்தான்.
"பேரிங் போயிருக்கு.
சனவரிலயே போயிருக்கு பாரு. நல்லவேள."
சட்டைப்பையிலிருந்த சீட்டில் எழுதிக்கொண்டார்.

படியேறும்போது மாறன் கேட்டான்,
"பேரிங் மாத்துனா சத்தம் மாறிடுமில்ல?"
மாறும் என்றேன்.
கிட்டாரை மடியில் வைத்தான்,
கம்பியைத் தொடவில்லை.
"மெக்கானிக் எப்ப வர்றானாம்?"