பறவைக் காய்ச்சல், ஆறாம் நாள்

நார்ஃபோக்கில், ஆட்டில்பரோ தாண்டி இரண்டு மைல்.
வான்கோழிகள் செவ்வாய்க்கிழமை தண்ணீர் குடிப்பதை நிறுத்தின;
புதன் காலை, சத்தம் போடுவதையும்.

வெள்ளை அங்கி, இரட்டைக் கையுறை.
என் மூச்சே என் கண்ணாடியை மறைக்க
தொண்டை தொண்டையாகப் பஞ்சுக் குச்சி விட்டேன்.
அறுபதாவது கோழி மணிக்கட்டில் கொத்தியது,
பலமில்லை,
ஆள் இருக்கிறதா என்று கதவைத் தட்டிப் பார்ப்பதுபோல்.

வேலிக்கு அப்பால் டெரிக்
தொப்பியைப் போடவுமில்லை, எறியவுமில்லை,
கையில் சுழற்றிக்கொண்டே நின்றார்.
"அதுகளால்தான்" என்றார், வானத்தைப் பார்க்காமலே.
ஐஸ்லாந்து வாத்துகள் கிழங்கு வயலில் இறங்கிக்கொண்டிருந்தன.
அவற்றிலும் ஒன்றுக்குக்
கழுத்து நேராக நிற்கவில்லை.

காய்ச்சல் உண்டா, கண் சிவந்ததா என்று
தினமும் கைபேசி கேட்கிறது. இல்லை, இல்லை.
இன்று தபாலில் வந்த பெட்டிக்குள்
அதே பஞ்சுக் குச்சி, அதே நீல மூடி.
குளியலறைக் கண்ணாடியில் வாயைத் திறக்கிறேன்.
கழுத்தை யாரும் பிடிக்கவில்லை,
ஆனாலும் தலை, பிடிபட்டதுபோல், தானாகப் பின்னே சாய்கிறது.

குழாயில் ஒட்டும் சீட்டில், பெயர் என்ற இடத்தில்,
பழக்கத்தில் கொட்டகை நான்கு என்று எழுதிவிட்டேன்.
வேறு சீட்டு இல்லை.
அதை அடித்து, மேலே இருந்த கொஞ்ச இடத்தில்
நெருக்கி எழுதினேன்: சுகந்தினி.