முதல் புட்டி

படிவத்தில் இரண்டு கட்டம்.
கழிவுக் குழாய்க்கு மேலே ஒரு புட்டி,
கீழே ஒரு புட்டி.
முதலில் மேல்பக்கம் போனேன்.
விருசுழி அங்கே மணலாகக் கிடந்தது.
டிராக்டர் தடம், ஒற்றைச் செருப்பு,
கருவை முள்ளில் மாட்டிய
ஏதோ கல்யாணத்துத் தாம்பூலப் பை.

சாத்தையா சாவியோடு வந்தார்.
கேட்டை எப்போதோ யாரோ
எடைக்குப் போட்டுவிட்டார்கள்.
ஆனாலும் பூட்டு தொங்கிய இடத்தில்
ஒரு கணம் நின்றுதான் நுழைந்தார்.

'ஐயாயிரம் பேருக்குன்னு கட்டுனதும்மா.'
தூணை எண்ணி ஆளை எழுதியிருப்பார்கள்.
தேவகோட்டைச் சாலையில் இறங்கியதிலிருந்து
நானும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.
எண்பது சன்னல் வைத்த வீடு,
உள்ளே ஒரு வாட்ச்மேன், ஒரு பல்பு,
ஒரு வாளித் தண்ணீர்.

தொட்டிக்குக் காற்று மட்டும் ஊதினால் போதாது.
கண்ணுக்குத் தெரியாமல் அதில் குடியிருப்பவை
பிழைக்க வேண்டுமென்றால்
ஊர் தினம் குளிக்க வேண்டும்,
சோறு வடிக்க வேண்டும்.
ஊர் சென்னையில் குளித்தது,
சிங்கப்பூரில் வடித்தது.
தொட்டி பட்டினி கிடந்தது.

சாத்தையா சாணி கரைத்து ஊற்றினார்.
வாரம் இரண்டு கிலோ அச்சுவெல்லம், சொந்தக் காசில்.
தினமும் பாயசமா என்று கடையில் கேட்டார்களாம்.
'நாலாம் மாசம் அள்ளிப் பார்த்தேன்,
காப்பிப்பொடி நிறம்,
முத மழைக்கு மண்ணு மணக்குமே, அந்த வாசம்.'
சொல்லும்போது கையைக் குவித்துக் காட்டினார்.

பிறகு தை.
ஒரே முகூர்த்தத்தில் பதினோரு கல்யாணம்.
எண்பது சன்னலும் திறந்தன.
மூன்று நாள், வேளைக்கு மூவாயிரம் இலை,
எண்ணெயும் சோப்பு நுரையுமாக வந்து
அவர் வளர்த்ததையெல்லாம்
ஆற்றுக்கு அடித்துக்கொண்டு போனது.
நாலாம் நாள் கார்கள் கிளம்பின.
மறுபடி ஒரு வாளி.

மறுவருடமும் இதே கதை.
மின்வாரியம் பியூசைப் பிடுங்கியபோது
சாவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.

கீழ்ப்பக்கம் இறங்கினோம்.
குழாயிலிருந்து நேராக ஆற்றுக்குள்
கறுப்பாக ஓர் ஓட்டம், பாய் அகலம்.
ஓரத்தில் ஆளுயரக் கோரை.
ஆறு நெடுங்கால் உள்ளான்கள்
சிவந்த காலைத் தூக்கித் தூக்கி வைத்து
அதில் எதையோ கொத்திக்கொண்டிருந்தன.
பஞ்சவர்ணம் டீசல் எஞ்சின் போட்டு
மாட்டுப்புல்லுக்குப் பாய்ச்சுகிறாள்.
என் பெட்டியைப் பார்த்ததும் எஞ்சினை அமர்த்தினாள்.
'சித்திரையிலயும் ஓடுறது இது ஒண்ணுதான்.
இதையும் நிறுத்திப்புடாதீங்க.'
சொல்லிக்கொண்டே ஒரு காலால்
மறுகாலின் சொறியைத் தேய்த்தாள்.

கீழ்ப்புட்டி நிறைந்தது.
ஐஸ் பெட்டியில் வைத்தேன்.
மேல்புட்டிக்கு 'நீர் இல்லை' என்று எழுதினால்
ஆய்வகம் படிவத்தைத் திருப்பிவிடும்;
கெட்டதா என்று சொல்ல
கெடாதது கொஞ்சம் வேண்டுமாம்.

சாத்தையா என்னிடமிருந்து புட்டியை வாங்கிக்கொண்டார்.
மணலில் முட்டி போட்டு
இரண்டு கையாலும் தோண்டினார்.
முழங்கை மறைந்தது. தோள் இறங்கியது.
அரைமணி நேரம் நான்
கருவை நிழலில் கடிகாரம் பார்த்தேன்.
கால்புட்டி ஊறியது.
அதை மூக்கருகே கொண்டுபோனார்,
தொட்டிச் சேற்றையும் இப்படித்தான்
முகர்ந்திருப்பார்.
மூடியைத் திருகிக் கொடுத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

நேரம்: நாலு நாற்பது.
இடம் என்ற கட்டத்தில் 'ஆறு' என்று எழுதினேன்.
ஜீப் மெயின் ரோட்டுக்கு ஏறிய பிறகுதான்
நினைவு வந்தது,
கீழ்ப்புட்டியிலும்
அதையேதான் எழுதியிருந்தேன்.