ஒரு குறிலை நீட்டுதல்

ஆறு என்றால் ஒரு நெடில், நான்கு குறில்.
ஏழு என்றால் இரண்டு நெடில், மூன்று குறில்.
என் அழைப்புக்குறியின் நடுவில் ஆறு நிற்கிறது.
அதை ஏழாக்க
இருநூற்றுப் பதினாறு பக்கம்,
கொழும்புக்கு ஓர் இரவு ரயில்,
ஐஸ் ஃபக்டரியில் இரண்டு நாள் லீவு.
கணக்குப் பார்த்தால்
நீட்டப் போவது ஒரேயொரு குறிலைத்தான்.

நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று
ஏழாம் வகுப்பில் படித்தது காதை விட்டுப் போகவில்லை.
மோர்ஸுக்கு மூன்று வேண்டும்.
"அளபெடை எண்டு நினைச்சு அடிங்க" என்கிறாள் நஸ்மியா
கொட்டியாரக் குடாவின் அக்கரையிலிருந்து.
கிண்ணியாவில் தையல் மெசினை நிறுத்திவிட்டுப் பேசுகிறாள்.
அவளுக்கும் இதே பரீட்சை, இதே திகதி.
நிமிடத்துக்கு என்னைவிட நான்கு சொல் வேகம்.
அதை அவள் ஒளிப்பதில்லை.

முருங்கைக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவே
பத்து மீற்றர் வயர்.
தாழ்ந்த முனையின் கயிற்றில்
செவ்வாய்க்கிழமை விடியற்புறம்
ஒரு மான் கொம்பைக் கொடுத்துவிட்டு நின்றது.
கோட்டைப் பக்கத்து மான்,
பஸ் நிலையத்தில் வாழைப்பழத்தோல் தின்கிற மான்.
மீன் வெட்டும் கத்தியோடு போனேன்.
தப்பாக நினைத்துக்கொண்டது.
கயிற்றை அறுத்துவிட்டேன்.
அன்று முழுக்க அன்ரனா மணலில் கிடந்தது.
மான் பற்றி ஒரு கேள்வியும் பேப்பரில் வராது.

எழுபத்திரண்டாம் கேள்வி:
பொருந்தாத அன்ரனாவுக்கு அனுப்பிய சக்தி என்னவாகும்?
அனுப்பியவரிடமே திரும்பி வரும். சூடாகும்.
உரத்து வாசித்துக்கொண்டிருந்தேன்.
"ஆரைச் சொல்லுறாய்?" என்றார் கணவர், பேப்பரை இறக்காமல்.

பகலில் தூரத்துக் குரல்களைக்
குடித்துவிடுகிற படலம் ஒன்று மேலே இருக்கிறதாம்.
வெயில் இறங்க அதுவும் கலையும்.
பாத்திரம் கழுவி முடிய
உலகம் பேசத் தொடங்குவது அதனால்தான் போல.

சட்டப் பகுதிதான் ஏறவில்லை.
"பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
நிலையத்தின் அடையாளத்தைச் சொல்லவேண்டும்."
இந்த வரியை மூன்று தரம் கோடிட்டேன், தாள் கிழிந்தது.
பத்தொன்பது வயதில்
டைக் வீதியிலிருந்து சந்தைக்குப் போய்வர
நான்கு இடத்தில் அடையாளம் காட்டினேன்.
பையில் இருந்த இரண்டு டோர்ச் பற்றரிக்கு
ஒரு பின்னேரம் முழுக்க விளக்கம் சொன்னேன்.
வயர் என்ற சொல்லை
வீட்டுக்குள்ளும் மெதுவாகத்தான் சொல்வோம்.
இப்போது கூரைக்கு மேலே வயர்.
ஒருவரும் கேட்காமல்
இருட்டைப் பார்த்து
என் பெயரை நானே சொல்கிறேன்.
சொல்ல மறந்தால்தான் குற்றமாம்.

நஸ்மியாவிடம் இதைச் சொன்னேன்.
கனநேரம் அவள் பொத்தானை அழுத்தவில்லை.
இரைச்சல் மட்டும்.
பிறகு "எங்களுக்கும்தான்" என்றாள்,
"ஐம்பத்தோராம் பக்கத்துக்கு வாங்க."

ஐஸ் ஃபக்டரி மேசையில் பேனாவால் தட்டித் தட்டி
ஒரு லொறிக்காரருக்கு இரண்டு பார் கூடப் போட்டுவிட்டேன்.
அவர் திருப்பித் தரவில்லை.

வியாழன் இரவு ரயில்.
நான் இங்கே ஏறுவேன், அவள் சீனக்குடாவில்.
மூன்று வருடக் குரல்; முகம் தெரியாது.
எந்தப் பெட்டி என்று எப்படிச் சொல்வது?
"யன்னலால டோர்ச் அடிங்க."
"என்ன அடிக்க? ஏழா?"
சிரிக்கிறாள். பின்னால் பிள்ளை அழுகிற சத்தம்.
"ஆறையே அடிங்க புள்ள.
ஏழு இன்னும் எங்கட இல்ல."

புதுப் பற்றரி இரண்டு வாங்கினேன்.
கடைக்காரன் ஒன்றும் கேட்கவில்லை.
சுவரில் அடித்துப் பார்க்கிறேன்:
நெடில். குறில், குறில், குறில், குறில்.
நெடில் இன்னும் கொஞ்சம் குட்டையாகத்தான் விழுகிறது.