இடது பக்கம் படுப்பவன்

அட்டை இன்று வந்தது,
மின்கட்டண உறைக்கும் பீட்சாக் கடை விளம்பரத்துக்கும் நடுவில்.
ஒமாஹாவில் மார்ச் மாதப் பனி
கறுத்துச் சேறாகிற செவ்வாய்க்கிழமை.
பச்சை அட்டை என்றார்கள்.
அவ்வளவு பச்சை இல்லை.
என் பெயருக்குப் பின்னால் அவன் பெயர்:
எஸ்ஸிவி அமெடோமே.

குலுக்கலில் விழுந்தது என்னவோ என் பெயர்தான்.
லோமேயில், டெக்கோன் முனையில்,
இணையக் கடைக் கோசி திரையைத் திருப்பிக் காட்டினான்.
எண்ணை மட்டும் கட்டைவிரலால் மறைத்திருந்தான்.
"காசு கொண்டு வா, விரலை எடுக்கிறேன்."

பக்கத்து வீட்டு மீன்காரி
என் நெற்றியைத் தடவித் தன் மகன் நெற்றியில் பூசினாள்.
நான் தையல் எந்திரத்துக்கே
இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்தவள்.
மருத்துவச் சோதனை, தூதரகக் கட்டணம், விமானச் சீட்டு.
அதிர்ஷ்டத்துக்கு இவ்வளவு செலவாகும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஆளையும் கோசியே பார்த்தான்.
சிமெண்ட் வியாபாரியின் தம்பி, யாவோவி.
பதினோரு வருடம் விண்ணப்பித்தவன்,
பதினோரு வருடமும் விழாதவன்.
செலவு அவனுடையது, எண் என்னுடையது.
நகராட்சியில் கையெழுத்திட்டோம். மோதிரம் வாடகை.
"கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள்" என்றார் புகைப்படக்காரர்.
நெருங்கினோம்.
சலவைச் சட்டைக்குள்ளும் சிமெண்ட் வாசனை.

பிறகு பாடம்.
கோசி எழுதிக் கொடுத்த நாற்பது பக்க நோட்டு.
அவன் பல்துலக்கி நீலம்.
காப்பிக்கு மூன்று கட்டி சர்க்கரை.
முழங்கால் தழும்பு, ஒன்பது வயதில் தண்டவாளத்தில் விழுந்தது.
படுக்கையில் இடது பக்கம்.
குறட்டை உண்டு.
"மழை பெய்தால் அதிகம்" என்று அவனாகவே சேர்த்தான்.
"யார் சொன்னது?"
"ஒருத்தி."
நோட்டில் அவள் இல்லை.

என்னை அவன் படித்தான்.
முள்ளுக்குப் பயந்து சின்ன மீன் தின்னமாட்டாள்.
விளக்கை அணைத்தால் தூங்கமாட்டாள்.
கோபம் வந்தால் பேசமாட்டாள், பாத்திரம் கழுவுவாள்,
கழுவியதையே மறுபடியும்.
என்னோடு பிறந்தவர்களுக்கும் தெரியாததையெல்லாம்
பரீட்சைக்குப் போகிற பையனைப்போல்
கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான்.
இரண்டு இடத்தில் தப்பு. திருத்தினேன்.
வெளியே மோட்டார்சைக்கிள் டாக்சிகளின் இரைச்சல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்
ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:
"நேற்றிரவு என்ன சாப்பிட்டீர்கள்?"

நோட்டில் நேற்றிரவு இல்லை.

மக்காச்சோளக் களி என்று நான் சொன்ன அதே நொடியில்
"இவள் சாப்பிட்டாள்.
எனக்குப் போடவில்லை, கோபம்.
பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள்" என்றான்.
அவள் சிரித்துவிட்டாள்.
சிரித்துக்கொண்டே எங்கள் கடவுச்சீட்டுகளை
உள்ளே இழுத்துக்கொண்டாள்.
நான் சிரிக்கவில்லை.
உண்மையிலேயே கோபம் வந்தது, ஏனென்று தெரியவில்லை.

ஒமாஹா விமான நிலையத்தில்
அவனுக்கு அண்ணன் மகன், வண்டியோடு.
எனக்குத் தேவாலயத்துப் பெண்கள், கம்பளிக் கோட்டோடு.
கைகுலுக்கினோம்.
கணவனும் மனைவியும் கைகுலுக்குவதைக்
காவலாளி ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்.
அவன் அயோவாவில் பன்றி வெட்டும் ஆலைக்குப் போனான்.
நான் மருத்துவமனைத் துணிகள் வெளுக்கும் இடத்தில்.
ஒரு நாளைக்கு எண்ணூறு படுக்கை விரிப்புகள்,
யார் எந்தப் பக்கம் படுத்தார்களோ.

விவாகரத்துத் தாளும் மேசையில் கிடக்கிறது.
அவன் கையெழுத்துப் போட்டே அனுப்பியிருக்கிறான்.
ஓரத்தில் பென்சிலால்:
"அட்டை வந்ததும் போடு, அவசரமில்லை. சின்ன மீன் அங்கேயும் உண்டு, கவனம்."

அட்டை வந்துவிட்டது.
பேனா இருக்கிறது.
பாத்திரங்களை ஒருமுறை கழுவி வைத்தேன்.

தள்ளுபடியில் கிடைத்தது இந்த மெத்தை,
இரண்டு பேருக்கானது.
வந்த நாளிலிருந்து வலது ஓரத்தில்தான் படுக்கிறேன்.
விளக்கு எரிகிறது.
வானொலியில் சொல்கிறார்கள்,
இனிப் பனி இல்லையாம்,
இன்றிரவு மழையாம்,
அயோவா வரைக்கும்.